இரண்டேகால் மீட்டர்

நூலக வாசல்படியில் பதித்திருக்கும் பித்தளைத் தகட்டிலிருந்து புறப்பட்டு, வட்டச்சாலையில் கடிகார முள் சுற்றும் திசையில் ஒன்பது கிலோமீட்டர் நடந்து, மறுபடி அதே தகட்டின் முன்னால் வந்து நின்றால், புறப்பட்டபோது இருந்ததைவிட இரண்டேகால் மீட்டர் உயரத்தில் நிற்கிறோம். தகடு அதே தகடுதான். படியும் அதே படிதான். நூலகரின் குடைகூட அதே ஆணியில்தான் தொங்குகிறது. எதிர்த்திசையில் சுற்றினால் அதே இரண்டேகால் மீட்டர் இறக்கம். ஊரில் இப்போது இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பேருந்து நேர அட்டவணைக்கு என்ன மரியாதையோ அதே மரியாதையோடு இதைப் பற்றிப் பேசுகிறார்கள், அதாவது கொஞ்சமாக. ஆனால் இதை முதன்முதலில் அளந்து எழுதியவருக்கு அந்த மாதம் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். அளவைத் துறையில் இருபத்திரண்டு வருடமாக லெவல் பார்க்கிறவர், ஆனால் பெயர் அங்கே கிடைத்ததல்ல. புது மாப்பிள்ளையாக மாமனார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்த முதல் நாளே, மேசையின் ஒரு கால் மூன்று மில்லிமீட்டர் குட்டை என்று சொல்லி எழுந்து போய், செய்தித்தாளை மடித்துக் காலுக்கடியில் செருகி, ஒரு தம்ளர் தண்ணீரை மேலே வைத்துக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கையை நனைத்தார். அன்றைக்கு மச்சினன் வைத்த பெயர், லீவு முடிந்து அவர் அலுவலகம் திரும்புவதற்குள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அவருக்கு அதில் வருத்தமில்லை. சென்டிமீட்டர் என்று வைத்திருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பார்.

லெவல் பார்ப்பது பெரிய மர்மமில்லை. முக்காலியின் மேல் ஒரு தொலைநோக்கியை மட்டமாக நிறுத்த வேண்டும். பின்னால் ஒரு இடத்தில் அளவுக் கோலைப் பிடிக்கச் சொல்லி ஒரு எண்ணைப் படிக்க வேண்டும், முன்னால் ஒரு இடத்தில் பிடிக்கச் சொல்லி இன்னொரு எண்ணைப் படிக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஏற்றம் அல்லது இறக்கம். அப்படியே ஐம்பது மீட்டருக்கு ஒரு நிலை என்று முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய், ஊரைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால், ஏறியதும் இறங்கியதும் கூட்டிக் கழித்துப் பூஜ்யம் வர வேண்டும். வராது. மனிதன் பார்க்கிற வேலையில் கொஞ்சம் முன்பின் இருக்கும் என்று துறைக்குத் தெரியும் என்பதால், ஒன்பது கிலோமீட்டருக்கு முப்பத்தாறு மில்லிமீட்டர் வரை மன்னிப்பு உண்டு, சகிப்பு எல்லை என்று அதற்குப் பெயர். அதற்குள் இருந்தால் அந்தப் பிழையை எல்லா நிலைகளுக்கும் சமமாகப் பங்கிட்டு எழுதிவிட்டு டீ குடிக்கப் போகலாம். மில்லிமீட்டர் அதுவரை பங்கிட்டதில் பெரியது நான்கு.

வட்டச்சாலையை அளக்கச் சொன்னதற்குக் காரணம் கிழக்குக் குடியிருப்பு. நானூறு வீடு, வாரத்துக்கு இரண்டு நாள் தண்ணீர் லாரி, மற்ற நாளெல்லாம் குடங்களின் வரிசை. ஏரி நூலகத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. குடியிருப்பு அங்கிருந்து வலப்பக்கமாக, அதாவது கடிகார முள் திசையில், ஒரே கிலோமீட்டர். மூன்று வருடத்துக்கு முன் ஒருத்தர் அளந்து, பிழையைப் பங்கிட்டு, சாலை மட்டம் என்று வரைபடம் போட்டுக் கொடுத்ததை நம்பி ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். தண்ணீர் நூறு மீட்டர் போனது, யோசித்தது, திரும்பி ஏரிக்கே வந்துவிட்டது. தண்ணீர் வரைபடம் பார்ப்பதில்லை. எனவே இந்தத் தடவை மில்லிமீட்டரே போகட்டும் என்று பெரிய பொறியாளர் சொன்னார்.

கோல் பிடிக்கப் போனவர் கம்பம். அதுவும் பட்டப்பெயர்தான். அளவுக் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றால் அசைய மாட்டார், ஒருமுறை மைனா ஒன்று அவர் தோளில் உட்கார்ந்து இறகு கோதிவிட்டுப் போனதை ஊரே பார்த்திருக்கிறது. நூற்றெண்பது நிலைகள், நான்கு நாள். நான்காம் நாள் சாயங்காலம் நூலகப் படிக்கு வந்து கணக்கை முடித்தபோது பூஜ்யம் வரவில்லை, முப்பத்தாறும் வரவில்லை. இரண்டாயிரத்து இருநூற்றைம்பது மில்லிமீட்டர் வந்தது.

மில்லிமீட்டர் முதலில் தன்னைச் சந்தேகப்பட்டார், பிறகு கருவியை, பிறகு கம்பத்தை. எதிர்த்திசையில் அளந்தார். அதே எண், கழித்தல் குறியோடு. பக்கத்து ஊரிலிருந்து வேறு கருவி வரவழைத்தார், கோலை மாற்றினார், கண்ணாடியை மாற்றினார், கடைசியில் எந்தக் கருவியையும் நம்பாமல் ஒளி ஊடுருவும் ரப்பர் குழாயில் தண்ணீரை நிரப்பி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, கொத்தனார்கள் சுவருக்குப் பார்ப்பதுபோல் ஒன்பது கிலோமீட்டரையும் பார்த்தார்கள். இரண்டு புள்ளி இருநூற்றைம்பது. ஒரு மில்லிமீட்டர் கூடவில்லை, குறையவில்லை. அதுதான் அவரைத் தூங்க விடவில்லை. தப்பு என்றால் தடவைக்குத் தடவை மாறும். மாறாமல் நிற்பதற்குத் தப்பு என்று பெயர் வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

பெரிய பொறியாளர் கெட்டவரல்ல. ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது, அதற்குள் கிழக்குக் குடியிருப்பில் ஒரு குழாயாவது திறந்து பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. தலைமையிடத்தில் பிழை மூடாத கோப்பைத் தொடக்கூட மாட்டார்கள் என்றார். மூடிக் கொடுத்தால் பம்பு வைக்க அனுமதி வரும், தண்ணீர் வரும், எல்லோருக்கும் நல்லது என்றார். நூற்றெண்பது நிலைக்கு இரண்டேகால் மீட்டர், நிலைக்குப் பன்னிரண்டரை மில்லிமீட்டர்தானே என்றார்.

"பன்னெண்டரை தானேய்யா. சுண்டு விரல் தடிமன் இருக்குமா? வெள்ளிக்கிழமைக்குள்ள பங்கிட்டுக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

மில்லிமீட்டர் தன் சுண்டு விரலைப் பார்த்தார். தன் பெயரைத் தானே பன்னிரண்டரை தடவை பொய்யாக்குவது போல இருந்தது அவருக்கு. ஆனால் நானூறு வீட்டுக் குடங்களும் கண்ணுக்குள் வரிசையில் நின்றன.

வீட்டில் சொல்லலாம் என்றால் மனைவி வருவதற்கு ஆறு மணியாகும். அவள் மகளிர் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. பள்ளி நூலகத் தெருவிலிருக்கும் அவர்கள் வீட்டிலிருந்து இடப்பக்கமாக இரண்டு கிலோமீட்டர். காலையில் அந்த வழியே நடந்து போவாள். மாலையில் வந்த வழியே திரும்பாமல், அதே இடப்பக்கமாக ஊரையெல்லாம் சுற்றிக்கொண்டு ஏழு கிலோமீட்டர் நடந்து வருவாள். இரண்டு வருடமாக இப்படித்தான். அதற்கு முந்தின வருடம் அவள் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை என்று கண்டுபிடித்திருந்தார்கள். கொஞ்சம் கசிகிறது, இதோடு காலம் தள்ளலாம், மேடு ஏறக்கூடாது, சமதரையில்கூட நூறு அடிக்கு ஒருமுறை உட்கார வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவள் ஏழு கிலோமீட்டர் நடக்கிறாள் என்றால் உடம்பு தேறிவிட்டது என்றுதான் அர்த்தம். பக்கத்திலிருக்கும் வழியை விட்டு ஊரைச் சுற்றுகிறாள் என்றால் அதற்கும் ஒரு அர்த்தம் இருக்க வேண்டும். மில்லிமீட்டர் தன்னைப் பற்றி அதிகமாக நினைத்துக்கொள்கிற ஆளில்லை. சாப்பாட்டு மேசையில் சகிப்பு எல்லைகளைப் பற்றிப் பேசுகிற ஒரு மனிதனிடம் வந்து சேருவதற்கு முன் எந்தப் பெண்ணுக்கும் ஒன்றரை மணி நேரம் இளைப்பாறல் தேவைப்படும் என்று அவரே முடிவுகட்டி, அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தார். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

வியாழக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு, அளந்ததையெல்லாம் குறித்திருந்த ஃபீல்ட் புக்கைத் திறந்து பென்சிலைக் கூராக்கினார். முதல் நிலையில் பன்னிரண்டரையைக் கழித்தார். இரண்டாவதில் இருபத்தைந்து. மூன்றாவதில் முப்பத்தேழரை. கை முதலில் கூசியது, பிறகு பழகிவிட்டது, பழகிவிட்டதே என்றுதான் பிறகு வருந்தினார். முப்பது நிலை முடித்தபோது, அதாவது நூலகத்திலிருந்து வலப்பக்கமாக ஒன்றரை கிலோமீட்டர் வந்தபோது, மணி அடித்துவிட்டது. மீதியைக் காலையில் பார்க்கலாம் என்று புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் மில்லிமீட்டர் ஒரு பொய் எண்ணும் எழுதியதில்லை. அந்த ஊர் மண்ணுக்கு அது தெரியும். அவர் புத்தகமும் தானும் ஒத்துப்போகாத ஒரு நிலைமை அதற்கு அதுவரை வாய்த்ததில்லை. ஆகவே அன்று பிற்பகல் அவர் எழுதியது ஒன்றாகவும் தான் இருப்பது வேறாகவும் இருக்கக் கண்டு, தவறு தன்மேல்தான் இருக்க வேண்டும் என்று மண் நினைத்துக்கொண்டது. மூன்று மணி பதினைந்து நிமிடத்திலிருந்து நாலரைக்குள், நூலகத்திலிருந்து பேக்கரிக்கு அந்தப் பக்கம் வரை சாலை ஓசையில்லாமல் மட்டமானது. நான்கு கடைகளில் தராசு முள் ஒரு தடவை ஆடி நின்றது. வேறு யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

ஆறு ஆனது. ஆறே கால் ஆனது. இளைப்பாறல் இன்று கொஞ்சம் நீளம் என்று நினைத்தார். ஆறரைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வலப்பக்கமாகப் போனார், அவள் எதிரே வர வேண்டிய பக்கம். பேக்கரி வாசலில் ஒரு பெஞ்சு உண்டு. அதில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, உதடு வெளுத்து, சுவரில் சாய்ந்து அவள் உட்கார்ந்திருந்தாள். பேக்கரிக்காரர் ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். ஆட்டோ கூப்பிடுகிறேன் என்றால் டீச்சர் கேட்கவில்லை என்று அவர் புகார் சொல்லிவிட்டு, அட்டையை மில்லிமீட்டரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

கொஞ்ச நேரம் விசிறியபின் அவள் பேசினாள்.

"இன்னைக்கு ரோடு தூக்கிட்டுப் போகலைங்க."

"என்னது?"

"இது வரைக்கும் நல்லாத்தான் வந்தேன். இங்க வந்ததும் அப்படியே நின்னு போச்சு. சமதரை மாதிரி." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம வெச்சிருந்தேன். சிரிக்கக் கூடாது. இந்தப் பக்கமா சுத்தினா ஊரு பூரா இறக்கம். எங்கேயும் ஏத்தமே கிடையாது. வீட்லேர்ந்து ஸ்கூலுக்கு இறக்கம், ஸ்கூல்லேர்ந்து இப்படியே வந்தா வீட்டுக்கும் இறக்கம்."

நாலாயிரம் அடிக்கு ஒரு அடி இறங்குகிற சரிவை எந்தக் கண்ணும் பார்க்காது, எந்தக் காலும் உணராது. தண்ணீர் உணரும். மூடாத வால்வு உள்ள ஒரு இதயமும் உணரும் போலிருக்கிறது. மில்லிமீட்டர் இரண்டு கருவியும் ஒரு ரப்பர் குழாயும் வைத்துக்கொண்டு ஒரு மாதத்தில் கண்டதை, அவள் இரண்டு வருடத்துக்கு முன்பே வெறும் மூச்சை வைத்துக் கண்டிருந்தாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். சொன்னால் அளக்கப் போய்விடுவீர்கள் என்றாள். அதுவுமில்லாமல், சுற்றி வந்து புறப்பட்ட இடத்துக்கே சேர்ந்தால் உயர வித்தியாசம் பூஜ்யம் என்று வருடத்துக்கு நாலு பிரிவுக்குப் பாடம் நடத்துகிறவள் இதை எந்த வாயால் சொல்லுவாள்?

"ஒம்பதாம் வகுப்புப் புஸ்தகத்தை யாரு மாத்தி அச்சடிக்கிறது?"

மில்லிமீட்டருக்கு வேறொரு கேள்வி இருந்தது. இரண்டு வருடமாக இருந்தது. அட்டையை மடக்கிக்கொண்டே கேட்டார்.

"அப்போ நீ சுத்தி வந்தது... லேட்டா வரணும்னு இல்லையா?"

அவள் அவரை ஏதோ கருவி பழுதானதுபோல் பார்த்தாள். "வீட்டுக்கு வந்து சேரணும்னு வந்தேங்க. வேற வழியில வந்தா வந்து சேர மாட்டேன்."

அவர் பைக்குள் கைவிட்டு ஃபீல்ட் புக்கை எடுத்தார். தான் மதியம் செய்ததைச் சொன்னார். அவள் கேட்டாள், கோபப்படவில்லை. ஆசிரியைகளின் பையில் எப்போதும் ரப்பர் இருக்கும். அதை எடுத்து நீட்டினாள். முப்பதாம் நிலையிலிருந்து ஒன்றாம் நிலை வரை, பேக்கரி விளக்கு வெளிச்சத்தில் அவர் ஒவ்வொரு வரியாக அழித்தார். பாதி அழித்தபோது, பெஞ்சின் மேல் வைத்திருந்த பென்சில் தானாக நூலகத்துப் பக்கம் உருண்டது. கடைசி வரி போனபோது விழுந்தது. அவள் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, கையைப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லி, ஒன்றரை கிலோமீட்டரும் பேசிக்கொண்டே வந்தாள். அவர்தான் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

வெள்ளிக்கிழமை காலையில் பெரிய பொறியாளரின் மேசைமேல் பங்கிடாத புத்தகத்தை வைத்தார். பொறியாளர் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார், அதே இரண்டு புள்ளி இருநூற்றைம்பது உட்கார்ந்திருந்தது. இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கேட்டார். மில்லிமீட்டர் ராத்திரி மனைவியோடு பேசி முடிவு செய்திருந்ததைச் சொன்னார். பூமியைச் சுற்றி வந்தால் ஒரு நாள் கூடும் அல்லது குறையும். அதை யாரும் பிழை என்று எல்லா ஊருக்கும் பங்கிட்டு, ஆளுக்கு நாலு நிமிடம் என்று கொடுக்கவில்லை. கடலுக்கு நடுவே ஒரு கோடு போட்டு, இதைத் தாண்டினால் தேதி மாறும் என்று ஒரே இடத்தில் வைத்துவிட்டார்கள். அதேபோல் நூலகப் படியில் ஒரு கோடு. இந்தப் பக்கத்துக்கு ஒரு உயரத் தகடு, அந்தப் பக்கத்துக்கு இன்னொன்று. ஏரித் தண்ணீரை வலப்பக்கம் ஒரு கிலோமீட்டர் ஏற்றப் பார்த்ததுதான் தப்பு. இடப்பக்கமாக எட்டு கிலோமீட்டர் விட்டால், தானே இறங்கிப் போய்க் கிழக்குக் குடியிருப்பில் நிற்கும். பம்பு வேண்டாம்.

பெரிய பொறியாளர் முன்னுதாரணம் என்ற சொல்லுக்கு முன்னால் தலைகுனிகிறவர். தேதிக் கோடு நல்ல முன்னுதாரணம்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் புறப்பட்ட இடத்துக்கே இறங்கி வருகிற தண்ணீரைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். சரி என்றால் கையெழுத்து அவருடையது, இல்லையென்றால் மில்லிமீட்டர் திங்கட்கிழமை முதல் பழைய வரைபடங்களின் அறையில் தூசி தட்டலாம், புத்தகத்தை வேறொருத்தர் பங்கிடுவார். சொன்னதில் கடுமை இல்லை, ஆனால் சொன்னார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சாலையோர மழைநீர்க் கால்வாயில் சோதனை நடந்தது. குறுக்கே பிரியும் வாய்களையெல்லாம் கம்பம் முந்தின நாளே களிமண்ணால் அடைத்திருந்தார். ஏரியின் மதகைத் திறந்து தண்ணீரை இடப்பக்கமாக விட்டு, பள்ளி ஆய்வகத்திலிருந்து டீச்சர் கொண்டுவந்த ஊதா நிற உப்பை அதில் கரைத்தார்கள். ஊதாத் தண்ணீர் மெதுவாகப் புறப்பட்டது. மகளிர் பள்ளியைத் தாண்டியது. மர அறுவை ஆலையைத் தாண்டியது. பதினோரு மணிக்கு மருத்துவமனை மதிலோரம் பார்த்ததாகத் தபால்காரர் வந்து சொன்னார். ஒன்றரை மணிக்குக் கிழக்குக் குடியிருப்பின் பெண்கள் குடங்களோடு வந்து எட்டிப் பார்த்து, இதைக் குடிக்கலாமா என்று கேட்டார்கள். இது சோதனைத் தண்ணீர், அடுத்தது வெள்ளையாக வரும் என்று கம்பம் சொன்னார், கோல் இல்லாமலே நேராக நின்றுகொண்டு.

பெரிய பொறியாளர் நூலகப் படியில் குடையோடு உட்கார்ந்திருந்தார். மில்லிமீட்டர் பக்கத்தில் நின்றார். அவருக்கு எண்ணில் சந்தேகமில்லை. மண் மேல்தான் பயம், வியாழக்கிழமை தான் எழுதிய பொய்யை அது மறந்திருக்குமா என்று. இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு, காலையில் இடப்பக்கம் போன ஊதா, வலப்பக்கத்திலிருந்து தலை காட்டியது. அவசரமில்லாமல் வந்து, படியை ஒட்டிப் போய், தான் புறப்பட்ட மதகின் கீழே ஏரியில் கலந்தது. பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"ரெண்டு தகடு வேணும்கிறீங்க."

"ஆமா சார்."

"எழுத்து ஒரே அளவுல இருக்கட்டும்."

தலைமையிடத்திலிருந்து பதில் வர ஏழு மாதமானது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார்கள்: இரண்டாவது தகட்டையும் பித்தளையில்தான் செய்ய வேண்டுமா? ஆமாம் என்று எழுதினார்கள். ஓய்வு பெறுவதற்கு ஒன்பது நாள் முன்னால் பெரிய பொறியாளர் கிழக்குக் குடியிருப்பில் ஒரு மடையைத் திறந்தார். முதல் குடம் நிரம்பும்வரை நின்று பார்த்துவிட்டு, கால்சட்டை நனைந்தபடி வீட்டுக்குப் போனார். மிச்சத் தண்ணீர் கடைசிக் கிலோமீட்டரையும் இறங்கி, இன்றுவரை ஏரிக்கே வந்துகொண்டிருக்கிறது. நூலகப் படியில் இரண்டு தகடுகள், நடுவில் ஒரு கோடு. கடல் மட்டத்துக்கு மேல் இடப்பக்கம் போகிறவர்களுக்கு 43.450 மீட்டர், வலப்பக்கம் போகிறவர்களுக்கு 41.200. கட்டில் பீரோ ஏற்றி வருகிற வண்டிகள் எவ்வளவு சுற்றானாலும் இடப்பக்கமாகவே போகின்றன. உடம்பைக் குறைக்க நினைப்பவர்கள் வலப்பக்கமாக ஓடுகிறார்கள். மகளிர் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில், மூடிய பாதையில் உயர வித்தியாசம் பூஜ்யம் என்று சொல்லிவிட்டு, நம் ஊர் நீங்கலாக என்று டீச்சர் சேர்த்துக்கொள்கிறார். தேர்வில் அதையும் எழுதினால் அரை மதிப்பெண் கூட.

மில்லிமீட்டர் மூன்றே முக்காலுக்கு அலுவலகத்திலிருந்து கிளம்பி, நான்கு மணிக்குப் பள்ளி வாசலில் நிற்கிறார். இதற்கென்று முக்கால் மணி நேர அனுமதிக் கடிதம் கோப்பில் இருக்கிறது. இருவரும் இடப்பக்கமாக ஏழு கிலோமீட்டர் நடக்கிறார்கள். அவர் சகிப்பு எல்லைகளைப் பற்றிப் பேசுகிறார், அவள் கேட்கிறாள், அல்லது கேட்பதுபோல் நடக்கிறாள். வால்வின் கசிவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று மருத்துவர் வருடாவருடம் எழுதுகிறார். பதினோரு வருடத்துப் பள்ளி நாட்களைக் கூட்டிப் பார்த்து, அவள் இதுவரை நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது மீட்டர் இறங்கியிருக்கிறாள் என்று அவர் ஃபீல்ட் புக்கின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறார். வீட்டு வாசலில் அதே மூன்று படி. அவற்றை மட்டும் ஏற வேண்டியிருக்கிறது. அதற்கு அவர் கையை நீட்டுகிறார், அவள் பிடித்துக்கொள்கிறாள்.